அமுதத்தின் அளவுகோல்

கன்னத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு அமுதம் நிற்கும்போது அந்த வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது, மின்விசிறி சுற்றக் கூடாது, டிவியில் யாரும் அழக் கூடாது. ஒரு கண்ணை மூடியிருப்பாள். இன்னொரு கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கையிலிருக்கும் மரக்கரண்டியால் சுவரில் ஒரு தட்டு. கொஞ்சம் நகர்ந்து இன்னொரு தட்டு. நாலாவது தட்டில் நின்று, "தோ, இங்க படுத்துக்னு கீறாரு" என்பாள். படுத்திருப்பவர் தண்ணீர்க் குழாய். உள்ளே ஓடுவது மின்கம்பி என்றால் "இவன்" என்றுதான் சொல்வாள். ஏன் அப்படி என்று கேட்டால், "தண்ணி தப்பு பண்ணா தொடைச்சிக்கலாம். அவன் தப்பு பண்ணா தொடைக்க ஆளே இருக்க மாட்டோம். அவனுக்கு இன்னா மரியாதி?" என்பாள்.

ஊர் மங்கலம். வயது ஐம்பத்தாறோ ஏழோ. வில்லியனூரிலிருந்து பாகூர் வரைக்கும் யார் வீட்டுச் சுவரில் துளை போட வேண்டுமென்றாலும் முதலில் அமுதத்துக்குத்தான் போன் போகிறது. ஏசி மாட்ட வேண்டும், இன்வர்ட்டர் பலகை அடிக்க வேண்டும், சாமி அலமாரி தொங்கவிட வேண்டும், போன மாதம் செத்துப்போன மாமனாரைப் படமாக மாட்ட வேண்டும். எதற்கானாலும் அமுதம் வந்து கரண்டியால் தட்டி, பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்ட பிறகுதான் டிரில்லிங் மெஷினைச் செருகுவார்கள்.

புருஷன் பக்கிரி பிளம்பர். இருபத்தாறு வருஷம் அவனுக்குக் கையாளாக இருந்தவள் அமுதம்தான். முன்பெல்லாம் குழாய் சுவரின் மேலேயே ஓடும், எல்லோருக்கும் தெரியும். பிறகு எல்லா வீட்டிலும் குழாயைச் சுவருக்குள் புதைக்க ஆசைப்பட்டார்கள். செங்கல்லில் நீளமாகப் பள்ளம் வெட்டி, குழாயைப் படுக்க வைத்து, மேலே பூசி மூடிவிட வேண்டும். அந்தப் பள்ளத்துக்குக் காடி என்று பெயர். காடி வெட்டியது பக்கிரி, குப்பை அள்ளியது அமுதம். பூச்சு காய்வதற்குள் பக்கிரி மறந்துவிடுவான். எங்கே குழாய் போகிறது என்று அவனைக் கேட்டால், "மேலேர்ந்து வரும், கீழ போவும்" என்பான்.

"மழகூட அப்பிடித்தான் வரும்" என்பாள் அமுதம். "போட்டது இவரு, தேடறது நானு. புள்ளய பெத்துட்டு எங்க வெச்சேன்னு கேக்கறா மாதிரி."

அவள் குழாயைத் தனியாக நினைவில் வைப்பதில்லை. உறவுமுறையோடு சேர்த்துத்தான் வைத்திருக்கிறாள். பாத்திமா மேரி வீட்டுச் சமையலறையில் குழாய் ஏன் நேராகப் போகாமல் ஜன்னலுக்கு மேலே ஏறி இறங்குகிறது? காடி வெட்டிய அன்றைக்குப் பாத்திமா மேரியின் நாத்தனார் வந்து ஜன்னலுக்கு அடியில் பாயை விரித்துப் படுத்துவிட்டாள். எழுப்பும் தைரியம் யாருக்கும் வரவில்லை. குழாய் அவளைச் சுற்றிக்கொண்டு போனது. நாத்தனார் ஊர் திரும்பிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. தண்ணீர் இன்னும் அவளைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. பக்கிரி காலையில் போட்ட குழாய் நூல் பிடித்தாற்போல இருக்கும். மூன்று மணிக்கு மேல் போட்டது ஒரு பக்கம் சாயும். நம் ஊரில் சாய்வதற்கு வேண்டிய சரக்கு எல்லாத் தெருமுனையிலும் கிடைக்கிறது. அதனால் புது வீட்டுக்குப் போனவுடன் அமுதம் கேட்கும் முதல் கேள்வி, "இது சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டதா, பின்னாடி போட்டதா?"

அவளைக் கேட்காமல் துளை போட்டவர்களும் இருக்கிறார்கள். வில்லியனூர்ப் பக்கத்து டேனியல் அப்படித்தான் காலண்டர் மாட்ட ஆணி அடித்தார். கோணலாகப் போன ஆணியைப் பிடுங்கியதும் தண்ணீர் முகத்தில் அடித்தது. வால்வு எங்கே இருக்கிறது என்று தெரியாமல், துளையில் ஆள்காட்டி விரலைச் செருகிக்கொண்டு அமுதம் வரும்வரை ஒன்றரை மணி நேரம் நின்றார். பசி தாங்காமல் முனகியவருக்கு மனைவி லில்லி இட்லியைப் பிட்டு ஊட்டிவிட்டாள். கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் அவள் ஊட்டியது அன்றைக்குத்தான். அமுதம் உள்ளே வந்து பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு கீதா? முடிச்சிட்டே வரட்டும்" என்று வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

அளக்கும் நாடாவைத் தொட மாட்டாள். விரல், சாண், முழம். கல்யாண வீட்டில் எல்லோரும் சுவரோரம் சாய்ந்து உட்கார இடம் தேடும்போது இவள் மட்டும் கூடத்தின் நடுவில் உட்காருவாள். கிட்டே போனால் காது தானாகச் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுகிறதாம். சாவு வீட்டில் ஒப்பாரியில் கலந்துகொள்வாள், கண்ணீரும் நிஜமாகவே வரும். ஆனால் ஐஸ் பெட்டிக்கு எந்த ப்ளக்கிலிருந்து கரண்டு எடுத்திருக்கிறார்கள் என்பதை அதே கண்ணால் பார்த்துவைத்துவிடுவாள்.

இப்படிப்பட்டவளுக்கே தெரியாத ஒரு சுவர் சேலியமேட்டில் இருந்தது.

சேலியமேட்டுப் பச்சையப்பனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் அருள்முருகன். கரியமாணிக்கத்தில் பெண் எடுத்தான், பெயர் கல்பனா. இளையவன் ராஜேஷ். குருவிநத்தத்தில் எடுத்தான், பெயர் செல்வகுமாரி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அருள்முருகன் புது வீடு கட்டினான். கட்டும்வரை இரண்டு மருமகளும் ஒரே குடத்தில் தண்ணீர் மொண்டு குடிக்கிறவர்களாக இருந்தார்கள். புதுமனை புகுவிழாப் பத்திரிகை அச்சாகி வந்தபோது ராஜேஷ் பெயர் இருந்தது, செல்வகுமாரி பெயர் இல்லை. அச்சடித்தவன் விட்டுவிட்டான் என்றாள் கல்பனா. எழுதிக் கொடுத்தவள் விட்டுவிட்டாள் என்றாள் செல்வகுமாரி. அன்றோடு சரி. இரண்டு தெரு தள்ளித்தான் ராஜேஷ் வீடு. பச்சையப்பன் செத்து, கருமாதி நடந்தபோதுகூட அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இப்போது அருள்முருகன் மகள் கஸ்தூரிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு மடுகரை. ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டிலேயே தட்டு மாற்றுவது என்று முடிவு. புதன்கிழமை காலையில் ஹால் சுவரில் ஈரம் பூத்தது. பிற்பகலில் அது ஒரு ஆள் அகலத்துக்குப் பரவிவிட்டது.

கொத்தனார் வீரமணி வந்து பார்த்தார். "உள்ள பைப்பு ஒழுகுது. எங்க ஒழுகுதுன்னு தெரிஞ்சா ஒரு சோத்துத் தட்டு அகலம் ஒடைச்சி, மூடி, பெயிண்டு அடிச்சி சனிக்கெழமைக்குள்ள காய வெச்சிக் குடுத்துருவேன். தெரியாம சுவரு முழுக்கப் பேத்தா, மடுகரகாரங்க வந்து செங்கலத்தான் பாக்கணும்" என்றார்.

"சுவத்து மேலயே வேற பைப்பு ஓட்டுனா?" என்றான் அருள்முருகன்.

"ஆமா, மாப்ள வூட்டுக்காரங்க தலைக்கு மேல பைப்பு ஓடட்டும். துண்டையும் அதுலயே காயப்போடலாம்" என்றாள் கல்பனா.

அமுதத்துக்குப் போன் போனது. பக்கிரியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினாள். தட்டினாள். நனைந்த சுவர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி 'தொப் தொப்' என்றது. கன்னத்தை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நினைவைத் தோண்டினால் அதிலும் ஒன்றுமில்லை. இந்தச் சுவருக்குக் காடி வெட்டிய வாரம் அவள் மகளுடைய பிரசவத்துக்காகக் கடலூர் போயிருந்தாள். பக்கிரி தனியாகப் போட்ட குழாய் இது.

"யோவ், எங்கயா போட்ட?"

"மேலேர்ந்து..."

"வாய மூடு."

அப்போதுதான் அருள்முருகன் போனில் தேடி ஒரு படத்தை எடுத்துக் காட்டினான். பூசுவதற்கு முன்னால் அந்தச் சுவரை எடுத்த படம். அமுதம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இதுல பைப்பு எங்க? ஆளுங்கதான நிக்கிறீங்க?"

"பைப்பு தெரியட்டும்னுதான்கா எடுத்தது. எடுக்கும்போது அப்பா வந்து நடுவுல நின்னுட்டாரு. அப்புறம் எல்லாரும் வந்து நின்னுட்டோம்."

"பைப்ப போட்டோ புடிக்கப் போயி பைப்பையே மறைச்சிக்னு நின்ன குடும்பம் இது ஒண்ணுதான்."

படம் இடுப்புக்கு மேல்தான் இருந்தது. தரை தெரியவில்லை, கூரையும் தெரியவில்லை. இடது ஓரத்தில் கதவின் நிலைக்கட்டை ஒரு கோடு. அதில் தோளை ஒட்டிக் கல்பனா. அடுத்து அருள்முருகன், நடுவில் பச்சையப்பன், அப்புறம் ராஜேஷ், கடைசியில் தலை நிறையப் பூவோடு செல்வகுமாரி. முன்னால் முட்டி போட்டிருந்த பதின்மூன்று வயதுக் கஸ்தூரியின் தலை மட்டும். அமுதம் படத்தை விரலால் விரித்து, பேன் பார்ப்பது போலத் தலைகளுக்கு நடுவே தேடினாள். தலைக்கும் தலைக்கும் நடுவில் வெள்ளையாகத் துண்டு துண்டாகக் குழாய் தெரிந்தது. ராஜேஷ் காதுக்குப் பக்கத்திலும் ஒரு விரல் வெள்ளை. செல்வகுமாரி தலைக்கு அந்தப் பக்கம் வெறும் செங்கல்.

"புரிஞ்சி போச்சி. நேரா வந்தவரு அந்தப் பொண்ணு தலைக்குப் பின்னாடி திரும்பிக் கீழ எறங்கிக்கீறாரு. திரும்பற எடத்துலதான் ஒட்டு. ஒட்டுலதான் ஒழுவும். அந்தப் பொண்ணு தல இந்தச் சுவத்துல எங்க இருந்துதுன்னு தெரியணும். எல்லாரும் அன்னிக்கி நின்னா மாதிரியே வந்து நில்லுங்க."

அருள்முருகன் கல்பனாவைப் பார்த்தான்.

"அவ எதுக்கு? என்னவிட ஒரு சாண் ஒசரம், அவ்ளோதான்" என்றாள் கல்பனா.

"ஒம் மனசுல கீற ஒசரம் வாணாம்மா. ஆளு வேணும்."

அருள்முருகன் தலையைக் குனிந்துகொண்டான். தட்டு மாற்றும்போது மடுகரைக்காரர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி, பெண்ணின் சித்தப்பா எங்கே என்பதுதான். அது அவனுக்குத் தெரியும். நிச்சயதார்த்தப் பத்திரிகையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாளாகத் தம்பி தெருவுக்குள் வண்டியை ஓட்டிப் போய், வீட்டு வாசலில் நிறுத்தாமல் திரும்பி வந்துகொண்டிருந்தான். பெட்ரோல்தான் தீர்ந்தது.

"நான் போயி சித்தப்பாவக் கூட்டிட்டு வரேன்" என்று கஸ்தூரி ஸ்கூட்டி சாவியை எடுத்தாள். "இன்னான்னு சொல்றது?"

"பைப்பு பாக்கறதுக்குன்னு சொல்லு" என்றாள் அமுதம். "வேற ஒண்ணும் சொல்லாத."

நிச்சயதார்த்தத்துக்கு என்று கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார்களோ என்னவோ. பைப்புக்கு என்றதும் கால் மணி நேரத்தில் ராஜேஷ் வந்துவிட்டான். செல்வகுமாரி வாசற்படியில் நின்றாள். இந்த வீட்டை அவள் கடைசியாகப் பார்த்தபோது வெறும் செங்கல். முதலில் அவள் கண்கள் மட்டும் உள்ளே வந்து, கூரையில் செய்திருந்த பூவேலையை ஒரு சுற்றுப் பார்த்தன. பிறகுதான் கால் வந்தது.

"அன்னிக்கி செருப்பு போட்டிருந்தியாம்மா?" என்று கேட்டாள் அமுதம்.

"மண்ணுதான கெடந்துது. போட்டிருந்தேன்."

"அப்ப செருப்போடயே வா."

கல்பனா பளபளக்கும் தன் டைல்ஸ் தரையைப் பார்த்தாள், செல்வகுமாரியின் செருப்பைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், அமுதத்தின் கையிலிருந்த மரக்கரண்டியைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

நடுவில் பச்சையப்பன் இடம் காலியாக இருந்தது. அமுதம் சுற்றிலும் பார்த்துவிட்டு, "யோவ், நீ போயி நில்லு" என்றாள்.

"செத்தவரு எடத்துலயா? நானா?" பக்கிரி பின்வாங்கினான்.

"ஒசரம் சரியா கீது. ஒன்னால ஒழுவறது, நீதான் நிக்கணும்."

பக்கிரி போய் நின்றான். "அப்பா கைய கட்டிக்னு நிப்பாரு" என்றான் அருள்முருகன். பக்கிரி கையைக் கட்டிக்கொண்டு, தன்னையறியாமல் முகத்தையும் கொஞ்சம் விறைப்பாக வைத்துக்கொண்டான். கல்யாணப் பெண் கஸ்தூரி அன்றைக்குப் போலவே முன்னால் முட்டி போட்டாள்.

"ராஜேசு, மூச்ச உள்ள இழு. ஒம்போது வருசத்துக்கு முன்னாடி ஒனக்கு இந்தத் தொந்தி கெடையாது. பக்கத்துல நிக்கறவங்கள தள்ளுது பாரு."

ராஜேஷ் இழுத்துப் பிடித்தான். அமுதம் போனையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"படத்துல ராஜேசு தோள்ல ஒரு கை கீதே. யாருது அது?"

அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நீண்டு வந்து தம்பி தோளைப் பிடித்திருந்த கை. வாட்ச் வேறு கட்டியிருந்தது.

"வாட்சு கட்டனவரு யாரு? வையிங்க சாமி. கை வெச்சாத்தான் தோளு எறங்கும்."

அருள்முருகன் பக்கிரியின் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்த் தம்பியின் தோளில் வைத்தான். முதலில் விரல் நுனி மட்டும் பட்டது. அமுதம் முறைத்தாள். உள்ளங்கை முழுக்க வைத்தான். ராஜேஷின் மூக்கு சிவந்தது. இழுத்துப் பிடித்திருந்த தொந்தி விட்டுப்போய் வெளியே வந்தது.

"அழுவறதுனா அசையாம அழுப்பா. அளவு போவுது."

கடைசியாகப் பெண்கள். "ரெண்டு பேரும் நேரா பாக்கல இதுல. மூஞ்சியத் திருப்பி ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிச்சிக்னு கீறீங்க. திரும்புங்க."

வரிசையின் ஒரு முனையில் நின்ற கல்பனா, "சிரிக்கணுமா?" என்று கேட்டாள்.

"சிரிப்பு வாணாம். திரும்பனா போதும்."

திரும்பினார்கள். மூன்று பேரின் தலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஒன்பது வருஷம் கழித்து இரண்டு பேரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தார்கள். பார்த்த மாதிரியே நின்றார்கள். அமுதம் பென்சிலை எடுக்கும்போது நடுவில் நின்ற பச்சையப்பன், அதாவது பக்கிரி, வாயைப் பிளந்து நீளமாக ஒரு கொட்டாவி விட்டான்.

"மாமா காலையிலேயே எழுந்துட்டாரு போல" என்றாள் செல்வகுமாரி, மெல்ல.

கல்பனாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வாயில் முந்தானையை வைத்து அடக்கினாள், முடியவில்லை. இவளைப் பார்த்து அவளும்.

"ஆங், இப்பதான் தல சரியா வந்துச்சி" என்று அமுதம் செல்வகுமாரியின் தலையைச் சுற்றிப் பென்சிலால் சுவரில் ஒரு வட்டம் போட்டாள். "தள்ளிக்கலாம். அன்னிக்கி மண்ணுதரை, இன்னிக்கி டைல்சு. நாலு விரலு எல்லாரும் மேல ஏறிட்டீங்க." வட்டத்தின் நடுவிலிருந்து நாலு விரல் கீழே இறங்கி ஒரு பெருக்கல் குறி போட்டு, உளியை வைத்தாள்.

ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்கூட உடைக்க வேண்டியிருக்கவில்லை. குழாய் வளையும் இடம் குறிக்கு நேராக இருந்தது. வளைவின் ஒட்டிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. அமுதம் விரலால் தடவினாள். ஒட்டுகிற பசை ஒரு பக்கம்தான் தடவியிருந்தது.

"அன்னிக்கி பச தீந்துபோச்சி" என்றான் பக்கிரி, இன்னும் கையைக் கட்டிக்கொண்டு.

"ஒம்போது வருசம் தாங்குனதே அந்தப் பைப்போட நல்ல மனசு" என்றாள்.

வீரமணி போய் மாடித் தொட்டியின் வால்வை மூடினார். பக்கிரி வளைவை அறுத்து மாற்றிக்கொண்டிருந்தான். அண்ணனும் தம்பியும் துளையின் இரண்டு பக்கமும் குனிந்து நின்றார்கள். ராஜேஷ் போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கெழம எத்தினி மணிக்கி?" என்று துளையைப் பார்த்துக் கேட்டான்.

"பத்தரைக்கி" என்று அருள்முருகனும் துளைக்குள்ளேயே சொன்னான்.

"நாங்க எட்டுக்கே வந்துடறோம். பந்தி யாரு பாக்கறது?"

"நீதான்."

வேலை முடிந்தது. வால்வைத் திறந்து பார்த்தார்கள், ஒழுகவில்லை. மூடுவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றாள் கஸ்தூரி. போனை வீரமணி கையில் கொடுத்தாள். அவ்வளவுதான், குடும்பம் மொத்தமும் ஓடிவந்து துளையை மறைத்துக்கொண்டு வரிசையாக நின்றது. ராஜேஷ் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"எடுங்கண்ணா" என்றாள் கஸ்தூரி.

"எடுக்காத!" என்று கத்திக்கொண்டு நடுவில் புகுந்தாள் அமுதம். இரண்டு கையாலும் திரைச்சீலையை விலக்குவது போல அவர்களை இரண்டாகப் பிரித்தாள். ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம். துளை தெரிந்தது. ஆனால் செல்வகுமாரியின் தோள் இன்னும் ஒரு விரல் மறைத்தது.

"தள்ளி நில்லும்மா."

"எடம் இல்லியே, அக்கா நிக்கிறாங்க."

"அக்காவோட ஒட்டி நில்லு." அமுதம் தன் இடுப்பால் அவளை இடித்தாள். போதவில்லை. இன்னொரு இடி. இரண்டு மருமகளும் தோளோடு தோள் முட்டி, விழாமலிருக்க ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அமுதம் அதைக் கவனிக்கவில்லை. துளைக்கு முன்னால் குனிந்து, முந்தானை நுனியை எச்சிலால் நனைத்து, படத்துக்கு முன்னால் குழந்தையின் முகத்தைத் துடைப்பது போலக் குழாயின் மேல் ஒட்டியிருந்த செங்கல் தூளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.